விருந்துக்குப் போறீங்களா? பையில என்ன இருக்கு?

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வந்துடுங்க"ன்னு யாராவது கூப்பிட்டா, முதல்ல சந்தோஷம் வரும். ரெண்டாவதா ஒரு கேள்வி வரும். என்ன வாங்கிட்டுப் போறது?

அந்தக் கேள்வியை சனிக்கிழமை பூரா அப்படியே ஊறப்போட்டுட்டு, ஞாயித்துக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவங்க தெருமுனை பேக்கரி வாசல்ல வண்டியை நிறுத்தி, "ஏங்க, அரைக் கிலோ ஸ்வீட் போதுமா, ஒரு கிலோவா?"ன்னு அவசர ஆலோசனை நடத்துறதுதான் நம்மாளுங்க வழக்கம். ஸ்வீட், இல்லேன்னா ஆப்பிள், இல்லேன்னா பிஸ்கட்டு. வயசானவங்க இருந்தா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். முடிஞ்சது கடமை. வெறுங்கையோட போகலை, அவ்வளவுதான்.

வெறுங்கையோட போகக்கூடாதுங்கிறது நல்ல வழக்கம்தான். அதை நான் குறை சொல்லலை. ஆனா "கையில ஏதோ இருக்கணும்"ங்கிறதுக்காக வாங்குறதும், "இவங்களுக்கு இது வேணும்"னு வாங்குறதும் ஒண்ணில்லையே! முதல் வகையில நம்ம கௌரவம் மட்டும்தான் காப்பாத்தப்படுது. விருந்து வெச்சவங்களுக்குப் பெருசா ஒண்ணும் கிடைக்கறதில்ல. பல சமயம் கூடுதல் வேலைதான் கிடைக்குது.

என் கட்சி இதுதான், முதல்லயே சொல்லிடறேன். விருந்துக்குக் கொண்டு போற பொருள் "அந்த வீட்டுக்கு" இல்ல. அடுப்படியில நின்னு வெந்துக்கிட்டு இருக்கிற ஆளுக்கு. அந்த ஆளோட வேலையைக் குறைக்காட்டியும் பரவாயில்ல, கூட்டக்கூடாது.

வள்ளுவர் நமக்குச் சொல்லாம விட்டது

திருக்குறள்ல விருந்தோம்பலுக்கு ஒரு அதிகாரமே இருக்கு. ஒன்பதாவது அதிகாரம், 81-லேர்ந்து 90 வரைக்கும். பத்துக் குறளையும் ஒரு தடவை வரிசையா படிச்சுப் பாருங்க. எல்லாம் விருந்து கொடுக்கிறவங்களுக்குத்தான் புத்திமதி. விருந்தாளி வெளியில இருக்கும்போது அமிர்தமே கிடைச்சாலும் தனியா சாப்பிடாதே, வந்தவனை அனுப்பிட்டு வரப்போறவனை எதிர்பார்த்துட்டு நில்லு, முகம் மாறிப் பார்த்தா விருந்தாளி வாடிப்போயிடுவான், இப்படி. வர்றவன் என்ன கொண்டு வரணும், எப்படி நடந்துக்கணும்னு ஒரு வார்த்தை கிடையாது. 87-வது குறள்ல மட்டும், விருந்தோட பலன் வர்ற விருந்தாளியோட தகுதியைப் பொறுத்ததுன்னு ஒரு பொடி வெச்சிருக்கார். அந்தத் தகுதி என்னன்னு நாமதான் யோசிச்சுக்கணும் போல.

இன்னொரு கதை, பெரியபுராணத்துல வர்ற இளையான்குடி மாறநாயனார் கதை. எல்லாருக்கும் சோறு போட்டுப் போட்டே ஏழையாப் போனவர். மழை கொட்டுற ராத்திரியில அடியார் வேஷத்துல சிவன் வந்து நிக்கிறார். வீட்டுல ஒரு பிடி அரிசி இல்ல. பகல்ல வயல்ல விதைச்ச நெல்லை வாரிக்கிட்டு வந்தா சமைச்சுத் தர்றேன்னு யோசனை சொன்னது யாரு? அவரோட சம்சாரம். அந்த மனுஷனும் மழையில போய் வாரிக்கிட்டு வர்றார். விறகு இல்ல, கூரையிலேர்ந்து வரிச்சை அறுத்துப் போடறார். கறிக்கு, முளைச்சு முத்தாத கீரையைப் பறிச்சுட்டு வர்றார். ஈர நெல்லைக் கழுவி, வறுத்து, குத்தி, சோறாக்கி, கீரையில விதவிதமா கறி பண்ணி முடிச்சது அந்த அம்மா. நாயன்மார் லிஸ்ட்ல பேர் இருக்கிறது அவருக்கு. அந்த அம்மாவோட பேர் என்னன்னு கேட்டா நமக்குத் தெரியாது.

நம்ம வீட்டு விருந்துங்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் நடக்குது. கூப்பிடறது அவரு, வாசல்ல வரவேற்கிறது அவரு, ஸ்வீட் பாக்ஸை வாங்கிக்கிறதும் அவரு. சாக்லேட் குழந்தைங்களுக்கு. ஹார்லிக்ஸ் பெரியவங்களுக்கு. காலையில அஞ்சு மணியிலேர்ந்து நிக்கிறவளுக்கு? "அண்ணி, சாம்பார் சூப்பர்!" அவ்வளவுதான். :-)

(எங்க வீட்டு ரங்கமணி இதைப் படிச்சா "நான்தான் வெங்காயம் உரிச்சேனே"ன்னு வருவார். ஒத்துக்கறேன் சாமி. ரெண்டு கிலோ. கண்ணீரும் கம்பலையுமா உரிச்சார்.)

கொண்டு வர்ற பொருளுக்கு என்ன ஆகுது?

விருந்து வெக்கிறவ பக்கத்துலேர்ந்து பார்த்தாதான் சில விஷயம் தெரியும்.

ஸ்வீட் பாக்ஸ்: பாயசம் இருக்கு, கேசரி இருக்கு. அதுக்கு மேல மூணு குடும்பம், மூணு பாக்ஸ். அந்த வீட்டுல மாமாவுக்குச் சர்க்கரை, மாமிக்குச் சர்க்கரை, கூப்பிட்டவருக்கே போன மாசம்தான் டாக்டர் மாத்திரை ஆரம்பிச்சிருக்கார். என்ன ஆகும்? மறுநாள் ஒண்ணு வேலைக்கு வர்ற அம்மாவுக்கு, ஒண்ணு ஆபீசுக்கு, ஒண்ணு அடுத்த விருந்துக்கு. தீபாவளி சோன்பப்டி ஊரைச் சுத்தி வர்ற கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே! பிரிக்காம போற பாக்ஸ் ஒவ்வொண்ணும், யாரையும் நினைச்சு வாங்காத பாக்ஸ்தான்.

ஐஸ்க்ரீம், கேக்: விருந்து அன்னிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்திருக்கீங்களா? ஊறவெச்ச கறி, அரைச்ச தேங்காய், தயிர் குண்டான்னு ஊசி குத்த இடம் இருக்காது. அந்த நேரத்துல ஒன்றரைக் கிலோ கேக்கை நீட்டினா, அதுக்கு இடம் பண்ண மூணு பாத்திரத்தை வெளியில எடுக்கணும். கேக் பொழைச்சுது, தயிர் புளிச்சுது.

குழந்தைக்குச் சாக்லேட்: உள்ளே நுழைஞ்சதும் கையில கொடுத்துடறாங்க. அது அரை மணியில முழுசையும் காலி பண்ணிட்டு இலை முன்னாடி உக்காந்து "எனக்கு வேணாம்"னு அழும். கிளம்பும்போது அம்மா கையில கொடுங்க, புண்ணியமாப் போகும்.

பொக்கே: இந்த வெளிநாட்டு வழக்கம் இப்ப நம்ம ஊர்லயும் வந்தாச்சு. அழகுதான். ஆனா குழம்பு கொதிக்கிறப்ப பூச்சாடி தேடணும், இல்லேன்னா பக்கெட்டுல போட்டு பாத்ரூம்ல வெக்கணும். பூங்கொத்து கொண்டு போறதே வழக்கமா இருக்கிற ஊர்கள்லயும் விவரமானவங்க சாடியோடயே கொண்டு போறாங்க, இல்லேன்னா முந்தின நாளோ மறுநாளோ அனுப்பி வெக்கிறாங்க. காரணம் அதேதான்: விருந்து நேரத்துல வேலை வெக்காதே.

வெளிநாட்டுல இருக்கிற மக்களுக்கு இன்னும் சில கண்ணிவெடி இருக்கு. ஃபிரான்ஸ்ல செவ்வந்திப் பூ கொண்டு போகக்கூடாது, அது நவம்பர் 1-ஆம் தேதியை ஒட்டி கல்லறைக்கு வெக்கிற பூ. நாம சாமிக்குப் போடற பூ! ரஷ்யாக்காரங்க கிட்ட ரெண்டு, நாலு, ஆறுன்னு இரட்டைப்படையில பூ கொடுத்தா அது துக்க வீட்டுக் கணக்கு. சீனாக்காரங்களுக்குக் கடிகாரம் பரிசு கூடாது. அவங்க மொழியில "கடிகாரம் கொடுக்கிறது"ன்னு சொன்னா, "சாவுக்குப் பக்கத்துல நிக்கிறது"ன்னு சொல்ற மாதிரியே காதுல விழும். நமக்கு மட்டும் இல்லையா என்ன? நூறு ரூபாய் வெச்சுக் கொடுக்க மனசு வராது, நூத்தியொண்ணுதான்.

இந்த விதியை எல்லாம் மனப்பாடம் பண்ணச் சொல்லலை. போற வீட்டுல யாரு இருக்காங்க, அவங்களுக்கு எது சங்கடம்னு ஒரு நிமிஷம் யோசிச்சா இதுல பாதி தானா வந்துடும்.

மொய் வேற, இது வேற

இன்னொரு கோஷ்டி இருக்கு. அவங்க பெருசா செய்யறவங்க. சாதாரணமா ஒரு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா வெள்ளிக் குங்குமச்சிமிழோட வருவாங்க. வாங்கினவங்களுக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் போயிடும். "அவங்க இவ்வளவு செஞ்சிருக்காங்க, நாம போறப்ப என்ன செய்யறது?"

நமக்கு மொய் பழகின ரத்தம். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்ட எல்லையில பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்துன்னே ஒண்ணு நடக்கும். ஆடி மாசம் வந்தா பல குடும்பம் ஒண்ணா சேர்ந்து பத்திரிகை அடிச்சு, கறிச்சோறு போட்டு, வர்ற மொய்யை நோட்டுல எழுதி வெச்சுப்பாங்க. பின்னாடி அவங்கவங்க விருந்துல அதைத் திருப்பிச் செய்யணும், முடிஞ்சா கூடப் போட்டு. வங்கிக்கு அலையாம விவசாயத்துக்கோ வியாபாரத்துக்கோ மொத்தமா பணம் புரட்ட ஊரே சேர்ந்து பண்ணிக்கிட்ட ஏற்பாடு அது. எழுதி வெச்ச கணக்கு, எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. அதுல ஒளிவுமறைவு கிடையாது, அதனால அதை நான் மதிக்கிறேன்.

ஆனா ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு எழுதாத நோட்டு ஒண்ணைத் திறந்து வெக்கிறது கொடுமை. ரெண்டு வீட்டுல ஒரு வீடு கொஞ்சம் முடியாத வீடா இருந்தா, நட்பு அதோட முடிஞ்சது. அவங்க வர்றதைக் குறைச்சுப்பாங்க, கூப்பிடறதையும் குறைச்சுப்பாங்க. காரணம் கேட்டா "வேலை ஜாஸ்தி"ம்பாங்க. அவங்களால திருப்பிச் செய்ய முடியாத அளவுக்கு எதையும் கொண்டு போகாதீங்க. தாராளம்னு நினைச்சு நாம செய்யறது அங்கே கடனாப் போய் நிக்கும்.

இதுல நடுவுல மாட்டிக்கிட்டது நம்ம ரவிக்கைத் துணி. தாம்பூலத்தோட வெச்சுக் கொடுக்கிற அந்த எண்பது சென்டிமீட்டர் துணி, யாராலயும் தைக்கப்படாமலேயே எத்தனை வீடு பார்த்திருக்கும்! அதுக்கு வாய் இருந்தா நம்ம எல்லாரையும் விட நல்ல பயணக்கட்டுரை எழுதும். ;-)

சரி, அப்ப என்னதான் கொண்டு போறது?

திட்டினது போதும். என் அனுபவத்துல உருப்படியா தோணினது:

1. "என்ன கொண்டு வரட்டும்?"னு கேக்காதீங்க. அதுக்கு ஒரே பதில்தான் வரும்: "ஒண்ணும் வேணாம், நீங்க வந்தாப் போதும்." அதுக்குப் பதிலா, "வர்ற வழியில வாழை இலை வாங்கிட்டு வரட்டுமா, தயிர் வாங்கிட்டு வரட்டுமா?"ன்னு கேளுங்க. ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா அங்கே தேவைப்படும். இலை, தயிர், வெத்தலை பாக்கு, ஐஸ், ஒரு கேன் தண்ணி. இதெல்லாம் பரிசு மாதிரியே தெரியாது. ஆனா பதினொண்ணரை மணிக்குத் தயிர் பத்தாதுன்னு தெரிஞ்சு, ஆளை விரட்ட முடியாம நிக்கிறவகிட்ட கேட்டுப் பாருங்க, அது பரிசா இல்லையான்னு.

2. மறுநாள் காலைக்கு ஏதாவது. இதுதான் என் செல்லம். விருந்து முடிஞ்ச வீட்டுல மறுநாள் காலையில யாருக்கும் அடுப்புப் பக்கம் போக மனசு வராது. ஆனா பசங்களுக்கு ஸ்கூல் இருக்கும். ஒரு டப்பா இட்லி மாவு, கூட ஒரு சின்ன பாட்டில் மிளகாய்ப்பொடி. இல்லேன்னா வீட்டுல பண்ணின புளிக்காய்ச்சல், ஒரு தக்காளித் தொக்கு. "இதை இன்னிக்குத் திறக்காதீங்க, நாளைக்குக் காலையில உங்களுக்கு"ன்னு சொல்லிக் கொடுங்க. அந்த முகத்தைப் பாருங்க அப்போ!

3. இனிப்புதான் வேணும்னா, உங்க ஊர்ப் பொருளா, கெடாத பொருளா. கோவில்பட்டி கடலை மிட்டாய் (2020-ல புவிசார் குறியீடு வாங்கினது), மணப்பாறை முறுக்கு (அது 2023-ல). ரெண்டும் டப்பாவுல நாலு நாள் கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா (2019) இதை விட ஒரு படி மேலதான், ஆனா அது பால் பொருள். அன்னிக்கு ஏற்கெனவே பாயசம் குடிச்சவங்க அதைத் தொடறதுக்குள்ள நாள் போயிடும். கொஞ்சமா வாங்குங்க. சர்க்கரை இருக்கிற வீடுன்னு தெரிஞ்சா வேர்க்கடலை, கொய்யாப்பழம், நல்ல சுக்குமல்லிக் காப்பித் தூள்னு போங்க.

4. பூ. நாலு முழம் மல்லி மாதிரி பரிசு உண்டா? சாடி தேட வேணாம், தலையில வெச்சா முடிஞ்சது, வீடே மணக்கும். ஆனா இதுல ஒரு விஷயம் இருக்கு, அதைச் சொல்லாம இந்தப் பதிவை முடிக்க எனக்கு மனசு வராது. பூவையும் குங்குமத்தையும் வரிசையா எல்லாப் பெண்களுக்கும் நீட்டிட்டு, கணவர் இல்லாத அந்த வீட்டுப் பெரியம்மா முன்னாடி வந்ததும் தட்டைச் சட்டுனு பின்னுக்கு இழுக்கிறதை நிறைய வீட்டுல பார்த்திருப்பீங்க. அந்தம்மா தானே எழுந்து, "தண்ணி கொண்டு வர்றேன்"னு உள்ளே போயிடுவாங்க. அன்னிக்குச் சாப்பிட்ட ரசம் அவங்க வெச்சதா இருக்கும். அதுக்குப் பதிலா நீங்க கொண்டு போன பூவைக் கொடுங்க. வேணுமா வேணாமான்னு அவங்க சொல்லட்டும். அதுக்கும் தைரியம் வரலைன்னா, எல்லாருக்கும் பொதுவா கொடுக்க முடியற பொருளைக் கொண்டு போங்க. ஒருத்தரை ஒதுக்கிட்டு மத்தவங்களுக்குக் கொடுக்கிறது என்னைப் பொறுத்தவரை பரிசே கிடையாது.

5. புத்தகம். நாம எழுதுற, படிக்கிற கூட்டம், இதைச் சொல்லலேன்னா எப்படி? ஆனா நமக்குப் பிடிச்சதை இல்ல. அவங்க போன தடவை பேச்சுவாக்குல எதைப் பத்திச் சொன்னாங்களோ அதை. கண்ணு மங்கின பெரியவங்களுக்குப் பெரிய எழுத்துல அச்சடிச்சது. "நான் சொன்னதை இவங்க ஞாபகம் வெச்சிருந்தாங்க"ங்கிறது புத்தகத்தோட விலையை விடப் பெரிசு.

6. போன தடவை அவங்க கொடுத்தனுப்பின தூக்குச்சட்டி. ஐயா, அம்மா, அதைத் திருப்பிக் கொண்டு போங்க! காலியா கொடுக்காம கொஞ்சம் சர்க்கரையோ ரெண்டு எலுமிச்சம்பழமோ போட்டுக் கொடுக்கிறது நம்ம பாட்டிங்க வழக்கம். அதுக்கு மிஞ்சின வழக்கத்தை நான் எந்த ஊர்லயும் பார்க்கலை.

7. நேரத்துக்கு வர்றது. ஒரு மணின்னா ஒண்ணேகாலுக்குள்ள. பன்னிரண்டு மணிக்கே வந்து நின்னாலும் தொந்தரவு, மூணு மணிக்கு வந்தாலும் தொந்தரவு. அப்பளத்தை எத்தனை தடவை பொரிக்கிறது?

பையில கொண்டு போக முடியாதது

இப்ப முக்கியமான ஒண்ணு. பெண் விருந்தாளிங்க வந்ததும் புடவைத் தலைப்பைச் சொருகிக்கிட்டு "என்ன பண்ணணும் சொல்லு"ன்னு அடுப்படிக்குள்ள வந்துடறாங்க. கூட வந்த ஆண்கள் சோபாவுல உக்காந்து கிரிக்கெட். முதல் பந்தி ஆண்களும் குழந்தைங்களும். ரெண்டாவது பந்தி பெண்கள், வடை தீர்ந்து போன பிறகு. சமைச்சவ கடைசியில நாலு மணிக்கு, ஆறின சோத்தோட, தனியா.

ஸ்வீட் பாக்ஸுக்குச் செலவழிக்கிற ஐநூறு ரூபாயை விட்டுடுங்க. அண்ணன்மார்களே, எழுந்து பரிமாறுங்க. "நீங்க உக்காருங்க அண்ணி, சாம்பார் வாளி எனக்குப் பிடிக்கத் தெரியும்"னு சொல்லிப் பாருங்க. முதல்ல "ஐயோ, நீங்க போய்..."ன்னு பதறுவாங்க. விடாதீங்க. எல்லாரோடயும் ஒண்ணா உக்காந்து, சூடா, தான் வெச்ச குழம்பைத் தானே சாப்பிடறது பல வீட்டுல சமைக்கிறவளுக்குக் கிடைக்கிறதே இல்ல. அதைக் கொடுக்க ஒரு பைசா செலவில்ல.

அதே மாதிரி மறுநாள் ஒரு போன். "நல்லா இருந்துது"ன்னு பொதுவா வேணாம். "அந்தக் கத்திரிக்காய் கொத்சுல என்ன போட்டீங்க?"ன்னு கேளுங்க. எதைச் சாப்பிட்டோம்னு ஞாபகம் வெச்சிருக்கீங்கன்னு அவங்களுக்குத் தெரியும்.

"ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?"

கேப்பீங்க, தெரியும். "அன்பா எதைக் கொடுத்தா என்ன? இதுக்கெல்லாம் ரூல்ஸ் போட்டா மனுஷன் விருந்துக்கே போக மாட்டான்"னு. நியாயம்தான். அதனால கடைசியா ஒண்ணு, இது விருந்து வெக்கிறவங்களுக்கு.

யாராவது ஒண்ணும் கொண்டு வராம வந்தா கையைப் பார்க்காதீங்க. மாசக் கடைசியா இருக்கலாம். பஸ்ஸு காசைக் கணக்குப் பண்ணி வந்திருக்கலாம். கையில எதுவும் இல்லையேன்னு வாசல்ல ஒரு நிமிஷம் தயங்கி நின்னுட்டுத்தான் காலிங் பெல்லை அடிச்சிருப்பாங்க. நம்ம கண்ணு ஒரு தடவை அவங்க கைக்குப் போய்ட்டு வந்தாப் போதும், அது அவங்களுக்குத் தெரிஞ்சுடும். மோந்தா வாடற அனிச்சப் பூவை வள்ளுவர் இழுத்தது இதுக்குத்தான். இன்னிக்கு ஸ்வீட் பாக்ஸ் இல்லேன்னு தயங்கி ஒரு குடும்பம் விருந்துக்கு வராம இருந்தா, தப்பு அவங்க மேல இல்ல. இதைக் கட்டாயமாக்கி வெச்சிருக்கிற நம்ம எல்லார் மேலயும்தான்.

கொண்டு போக முடிஞ்சவங்க, அடுப்படியில நிக்கிறவளை நினைச்சுக் கொண்டு போங்க. முடியாதவங்க, கையை வீசிக்கிட்டு வாங்க. வந்து சாம்பார் வாளியைப் பிடிங்க.

உங்க வீட்டு வழக்கம் என்ன? யாராவது கொண்டு வந்து, இன்னிக்கும் மறக்க முடியாத பொருள்னு ஏதாவது இருக்கா? சொல்லிட்டுப் போங்க மக்களே.

பி.கு.: இந்தப் பதிவைப் படிச்சுட்டு எங்க வீட்டுக்கு வர்ற எல்லாரும் இட்லி மாவோட வந்து நின்னா, நான் பொறுப்பில்ல. ஃப்ரிட்ஜ்ல இடம் கிடையாது. :-))